மனசுக் கோளாறு இல்லை

12-2-1976, வியாழன்

இன்று தனியாகக் கோவை டாக்டரிடம் போனேன். மனைவி சரசுவோடு சேர முடியாமல் போவதை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"காலைல எந்திரிக்கறப்பவாவது விறைப்பு இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். மனசுக் கோளாறு என்றால் அப்போது இருக்குமாம். ரத்த ஓட்டம் சரியா என்று காலில் நாடி பார்த்தார். என் சிறுநீரை நீல மருந்தில் சொட்டவிட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறமானது.

"சர்க்கரைங்க. நரம்பைக் கெடுத்திருக்கும்."

மருந்தில் முழுக்கச் சரியாகுமா என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர் வேலந்தாவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், டீக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஆனாலும் சரசுவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"என்னையப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்று அழுதாள்.

பல மாதங்களுக்குப் பிறகு இன்று என் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்குகிறாள்.