பிளாஷ் அடிக்காத கேமரா

நண்பா,

நேற்று என் மகள் ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தாள். தோழிகளோடு கூடும் இரவு விருந்துகளுக்கும் ஊர்த் திருவிழாக்களுக்கும் ஏற்றதாக வேண்டுமென்று கடைகடையாய் ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்ததாம். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு என்னைப் படம் எடுத்தாள். "பிளாஷே வேண்டாம்ப்பா. இருட்டுலயும் எப்படி விழுது பாருங்க" என்று அதன் முதுகிலிருந்த திரையைக் காட்டினாள். பெருமாள் படத்தின் முன் எரிந்துகொண்டிருந்த ஒற்றைத் திரியின் ஒளியில் என் முகம் தெளிவாக இருந்தது. எழுந்து பூசை அறைக்குள் போய்விட்டேன்.

அன்று கடையில் இதைத்தானே நீ கேட்டாய்?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நீ ராஜபாளையத்து நூல் மில்லுக்கு வேலைக்குப் போய் வந்தாய்; நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறுவயது முதலே நாம் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் சுவாமி புறப்பாட்டுக்குப் பின்னால் பாடிப் போகும் பஜனைக் கூட்டத்தார். உனக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாய். தீவட்டி உனக்கு வெறும் செம்புள்ளி. அதற்கப்பால் எழுந்தருளியிருக்கும் பெருமாள் உனக்கு இல்லை. திருமுடி முதல் திருவடி வரை வரிவரியாய்ப் பாடியவன், பாடப்பட்டவனை இரவில் ஒருநாளும் கண்டதில்லை.

அந்த ஆண்டுதான் மதுரையில் கண் மருத்துவர் பகல் வெளிச்சமும் நெடுநாள் நிலைக்காது என்று சொல்லி அனுப்பினார். திரும்பும் பேருந்து கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிய பிறகு சொன்னாய்: "ஏலே, பகல்ல பாக்க இன்னும் கொஞ்ச நாள் கண்ணு இருக்கு. அதுக்குள்ள கருட சேவைய ஒரு படமா பிடிச்சிட்டா, அத வெயில்ல வச்சுப் பாத்துக்கிருவேன். அது போதும்லே எனக்கு."

காட்டுகிறவன் காட்டினாலன்றிக் காண்பார் இல்லை என்று கற்றவன் நான். பிறருக்கும் அதை விரித்துரைத்தவன். அன்று அந்தப் பேருந்தில் அதை விட்டுவிட்டு, நாளைக்கே கடைக்குப் போவோம் என்றேன்.

மறுநாளே கடைவீதிக்குப் போனோம். கடைக்காரர் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். நம்மைக் கண்டதும் உள்ளே பார்த்து "ரண்டி, ரண்டி" என்று யாரையோ வரச்சொல்லி அழைத்தபடியே சின்னச் சின்ன கேமராக்களைக் கண்ணாடி மேல் பரப்பினார்.

"ராத்திரிக்குன்னா இதுதான் அண்ணாச்சி. மாப்பிள்ளை அழைப்பு, கோவில் கொடை, எல்லாத்துக்கும் இதத்தான் வாங்கிட்டுப் போறாக. இருட்டு கண்டா தானா பளிச்சுன்னு அடிச்சிரும்."

நீ அதைக் கையால் தடவிப் பார்த்தாய். "அடிக்காம இருக்க வழி இருக்கா?"

"எதுக்கு?"

"பெருமாளுக்குக் கண்ணு கூசாதா?"

அவர் என்னைப் பார்த்தார். நீ விளையாடவில்லை என்பது என் முகத்திலிருந்து அவருக்குப் புரிந்தது. "ராத்திரிக்குக் கேமரா கேட்டுட்டு பிளாஷ் வேண்டாங்கியளே. குடைய வாங்கி மடக்கி வச்சுக்கிட்டு நனையப் போறியளா?" என்று சிரித்துவிட்டு, பிளாஷை நிறுத்தும் பொத்தான் உள்ள வேறொன்றை எடுத்து வைத்தார். "இருட்டுக்குன்னு தனி பிலிம் இருக்கு, போட்டுத் தாரேன். தீவட்டிக்கு ஒட்டி நின்னா ஏதோ விழும். விழாட்டி எம்மேல கோவப்படக் கூடாது."

தூங்கும் குழந்தையின் முகத்தில் விளக்கைக் காட்டுவோமா? திருப்பள்ளி எழுச்சி பாடி மெல்ல எழுப்புகிற பிள்ளைகள் நாம். கோடையில் சந்தனம் சாத்துகிறோம், குளிரில் போர்த்துகிறோம். உயிருள்ள கண்ணுக்குச் செய்கிற அத்தனையும் அந்தக் கண்ணுக்கும் செய்கிற மரபில் வந்த உனக்கு வேறு எந்தக் கேமராவும் பொருந்தியிராது. மற்றவர் அதைப் பிழை என்பர். பிழைதான். அந்தப் பிழையைச் செய்ய எத்தனை தலைமுறைப் பழக்கம் வேண்டும் என்பதை நான் அறிவேன்.

ஆடித் திருவிழாவில், பெருமாள் கருடன் மேல் எழுந்தருளும் கருட சேவை இரவு வந்தது. நெரிசலில் உன் பின்னால் நின்று உன் முழங்கைகளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் மேல. சோத்தாங்கைப் பக்கம். இப்ப அமுக்கு." நீ மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினாய். நம்மைச் சுற்றிலும் பிளாஷ்கள் வெடித்துக்கொண்டிருந்தன. "ஏய், சாமி மூஞ்சிலயாடா அடிக்கிறிய?" என்று நான் கத்தினேன். முன்னால் நின்ற ஒருவன் திரும்பி, "சாமியே சும்மா இருக்காரு, உமக்கென்ன வே?" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் மறுபடியும் அடித்தான்.

உன் கைகள் அப்போதுதான் தாழ்ந்தன. கருடன் நகர்ந்து போன பிறகும் நீ அசையவில்லை.

"பாத்துட்டேன்லே," என்றாய்.

"எத?"

"அவரத்தான். அந்தப் பய அடிச்ச வெளிச்சத்துல. பச்சப் பட்டு. மூக்குக்குக் கீழ சின்னதா ஒரு சிரிப்பு." பிறகு கேமராவை என் கையில் கொடுத்தாய். "எவனோ அவரு கண்ணக் கூச வச்சாம்லே. அதுல நான் பாத்துட்டேன்."

மகிழ வேண்டிய நேரம். வீதி ஓரத்தில் உட்கார்ந்து நீ அழுதாய்.

ரோல் கழுவி வந்தபோது கடைக்காரர் சிரிக்கவில்லை. "ஒண்ணுமே விழல அண்ணாச்சி. இருந்தாலும் ஒண்ணு பிரின்ட் போட்டு வச்சேன்" என்றார். நீ அதை வாங்கிக் கடைக்கு வெளியே உச்சி வெயிலில் பிடித்தாய். முழுக் கருப்பு, ஓரத்தில் தீவட்டியின் மஞ்சள் கீறல் ஒன்று. நெடுநேரம் பார்த்தாய். "என் கண்ணு ராத்திரி எப்படிப் பாக்குமோ, அச்சா அப்படியே பிடிச்சிருக்குலே" என்று என்னிடம் நீட்டினாய்.

அதன்பின் உன் பகலும் சுருங்கியது. மில் வேலை போயிற்று. நேர் நடுவில் ஒரு நாணயத்தளவு பார்வை எஞ்சியது. அதற்குள் ஆள் வந்து நின்றால் உண்டு, விலகினால் இல்லை. அடுத்த கருட சேவைக்கு நீ வர மறுத்தாய். "ஒரு தடவ திருடிப் பாத்தாச்சு. மறுபடியும் எவன் அடிப்பான்னு காத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?" என்றாய். அப்படியன்று என்று நான் சொன்ன மேற்கோள்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டாய். ஏற்கவில்லை.

அந்த மார்கழியில் ஒரு விடியலில், பஜனைக்கு அழைக்க நான் வருமுன்னே, தனியாகப் புறப்பட்டு வந்து சாலையைக் கடந்தாய். பஞ்சு ஏற்றி வந்த லாரி மோதியது. விளக்கு எரியத்தான் வந்தேன் என்று ஓட்டுநர் அழுதார். அந்த வெளிச்சம் உன் மேல் முழுதாக விழுந்திருக்கும். அதில் நீ என்ன கண்டாய் என்று பல ஆண்டுகள் பெருமாளைக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கருப்புப் படம் என் பாராயணப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நேற்று அதை எடுத்து மகளின் புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூசாமலே அவரைக் காட்டும் கருவி வந்துவிட்டது; கண்டு கொள்ள நீ இல்லை.

ஆடிதோறும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். இன்றும் எவனாவது திருமுகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்கிறான். வைவதற்கு வாய் எழுகிறது. உடனே பக்கத்தில் நிற்பவர்களின் முகங்களைப் பார்க்கிறேன். அந்த ஒரு நொடி வெளிச்சத்துக்காகவே யாருடைய தோளையாவது பிடித்துக்கொண்டு, உன்னைப் போல் ஒருவன் அங்கே நிற்கக்கூடும்.

வாயை மூடிக்கொள்கிறேன்.