டூகலின் பெயர் பட்டியலில் இருக்கிறது

1979 பிப்ரவரி 14, புதன்

தபாலில் இரண்டு வாக்கு அட்டைகள். ஒன்று எனக்கு, ஒன்று என் வீட்டுக்காரர் டூகலுக்கு. அவரைப் புதைத்து ஐந்து வாரம் ஆகிறது. அக்டோபரில் எடுத்த வாக்காளர் பட்டியலாம். அப்போது உயிரோடுதானே இருந்தார்.

எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கென்று ஒரு சட்டசபை வேண்டுமா, வேண்டாமா என்று மார்ச் ஒன்றாம் தேதி கேட்கப்போகிறார்கள். முப்பது வருஷம் இதற்காகவே வீடு வீடாக ஏறி இறங்கிய மனுஷன். கொடுத்துவைக்கவில்லை.

பிப்ரவரி 15

பக்கத்து வீட்டு நெட்டி வந்தாள். "எஃபி, வேணும்னு போடறவங்க ஜாஸ்தியா இருந்தா மட்டும் பத்தாதாம்டி. பட்டியல்ல இருக்கற மொத்தப் பேர்ல நூத்துக்கு நாப்பது பேர் வேணும்னு போடணுமாம். வராதவங்க எல்லாம் வேணாம்னு சொன்ன மாதிரிதான்."

"அப்போ டூகல்?" என்றேன்.

"அவரும் வராதவங்க கணக்குதான்டி" என்றாள்.

என் டூகல் 'வேண்டாம்' பக்கமா? ஐயோ, கடவுளே.

பிப்ரவரி 19

வாக்காளர் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். இனிப் பெயரை அழிக்க முடியாதாம். "செத்தவங்களுக்குன்னு மொத்தமா, உத்தேசமா ஒரு எண்ணிக்கை கழிச்சுடுவாங்கம்மா" என்றார் குமாஸ்தா.

"எங்க வீட்டுக்காரர் உத்தேசமாவா செத்தார்?" கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

பிப்ரவரி 22

மழை. வேலை ஓடவில்லை. நாற்பத்தொன்பது நவம்பரையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேவாலயக் கூடத்தில் இதே சட்டசபைக்காகக் கையெழுத்து வேட்டை. மேசைக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர். "கையெழுத்துப் போட்டா டீ உண்டு" என்றார். போட்டேன். டீ தீர்ந்துபோயிருந்தது. அடுத்த ஞாயிறே டூகலும் நானும் சைக்கிளில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் கையெழுத்து வாங்கப் போனோம், காதெல்லாம் விறைக்க. அத்தனை லட்சம் கையெழுத்தையும் லண்டனில் ஏதோ அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆனாலும் எத்தனை சந்தோஷமாக இருந்தோம்!

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆர்ச்சி வந்தார். டூகலின் தம்பி. பிறந்ததிலிருந்து அண்ணனுக்கு எதிர்க்கட்சி. "எடின்பரோ வக்கீலுங்க நம்மள ஆள்றதுக்கு லண்டனே தேவல அண்ணி" என்பார். "இந்தத் தடவ நான் கால்கூட நனைக்க வேணாம். கணப்புப் பக்கத்துல உக்காந்திருந்தாலே என் கணக்குல ஒண்ணு ஏறிடும்."

டூகலின் வாக்கு அட்டையை அவர் முன்னால் வைத்தேன். "உங்க அண்ணனையும் உங்க கணக்குலயே ஏத்திக்குங்க."

டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். நான் சொன்னது தப்பா? தெரியவில்லை.

மார்ச் 1

வாக்களித்தேன். ஒரே குளிர். ஆர்ச்சியைக் காணவில்லை.

மார்ச் 3, சனி

போயிற்று. 'வேண்டும்' என்றவர்கள்தான் அதிகம். ஆனால் நாற்பது எட்டவில்லை. அதிகம் பேர் கேட்டும் தோல்வி — இது என்ன நியாயம்?

மத்தியானம் ஆர்ச்சி. ஜெயித்துவிட்டோம் என்று குதிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நானும் போனேன் அண்ணி. கடைசி நேரத்துல. வேணாம்னுதான் போட்டேன்."

"எதுக்குப் போனீங்க? வீட்டுல இருந்தாலே போதும்னீங்களே?"

"என் 'வேணாம்' ஓட்ட நான்தான் போடணும். வீட்டுல கம்முனு கிடந்தா, வராதவங்க கூட்டத்துல நானும் அண்ணனும் ஒரே பக்கம்னு ஆயிடும். அவன் ஒருநாளும் என் பக்கம் இல்ல." குரல் உடைந்துவிட்டது.

எனக்கும் அழுகை வந்தது. கூடவே கோபமும். "எடின்பரோ வக்கீல்னா உங்களுக்கு என்ன அவ்வளவு இளக்காரம்?" என்று ஆரம்பித்தேன். விடுவாரா? மேசையைத் தட்டினார், நானும் தட்டினேன். இருட்டும்வரை சண்டை. நாளைக்கும் வருகிறாராம்.