அம்மாவுக்கு ஏற்ற ரேடியோ

ஏப்ரல் 8, புதன்

அம்மாவுடன் மீன் பிடிக்கப் போகும் ஒட்முன் மாமாவின் தோள்பட்டை இனிமேல் படகுக்கு ஆகாதாம். டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இந்த வசந்தத்திலிருந்து அம்மா தனியாகத்தான் கடலுக்குப் போவாள். ஒரு சின்னப் படகு, ஒரு ஆள், வெளித்தீவுகளைத் தாண்டினால் கைப்பேசியும் எடுக்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். எங்கள் படகு டெர்னாவின் கேபினில் நல்ல ரேடியோ இருக்கிறது என்கிறாள் அம்மா. இருக்கிறது. ஆனால் வலை இழுக்கும் இடம் வெளியே. வெளியே இருந்து தண்ணீரில் விழுகிறவள் கேபினுக்குள் போய் எப்படிப் பேசுவாள்? இதைக் கேட்டதும் அம்மா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தினாள். கையில் பிடிக்கும் ரேடியோ ஒன்று வாங்கலாம், ஆனால் தேர்ந்தெடுப்பது என் வேலை என்றாள். "எல்லாத்தையும் படிக்கிறவ நீதானே. இதையும் படி."

படிக்கப் போகிறேன்.

ஏப்ரல் 11, சனி

மூன்று நாளாக வேறெதுவும் படிக்கவில்லை. வாட், பேட்டரி, நீர் புகாத தரம், செயற்கைக்கோள் மூலம் இடம் காட்டுவது, மூடிக்கு அடியில் ஆபத்துக்கான சிவப்புப் பட்டன். பௌதிகப் பாடத்தைவிடச் சுவையாக இருக்கிறது.

இன்று கண்டுபிடித்த பெரிய விஷயம்: சக்தியைக் கூட்டினால் தூரம் அவ்வளவாகக் கூடாது, உயரத்தைக் கூட்டினால் கூடும். ரேடியோ அலை நேராகப் போகிறது, கடல் வளைந்திருக்கிறது. இதைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். மாமாதான் பதில் சொன்னார். "உங்கம்மாவுக்கு ரேடியோ எதுக்கு? அவ கத்தினா தூரத்து லோஃபோத்தன் தீவு வரைக்கும் கேக்கும்."

ஏப்ரல் 15, புதன்

வாங்கியாயிற்று! ஃபெர்ரியில் பெருநிலத்துக்குப் போய், கடையில் நேராக அந்த மாடலின் பெயரைச் சொன்னேன். மற்றதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் ஒப்பீட்டில் எல்லா வரியிலும் முதலிடம் அதற்குத்தான். பெரிய திரை, பெரிய பேட்டரி, அதிக சத்தம். கடை வைத்திருக்கும் டூரில் என்கிற அக்கா என்னை ஒருமாதிரி பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

கொக்கியில் தொங்குகிறது.

கேபினுக்குள், பழைய ரேடியோவுக்குப் பக்கத்தில், காப்பிக் கோப்பைக்கு மேலே உள்ள கொக்கியில். இரண்டு ரேடியோவும் அக்கா தங்கை மாதிரி ஒரே அறையில்! மாலை துறைக்குப் போய் மற்றப் படகுகளையும் எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். கைரேடியோ வைத்திருக்கிற எல்லாரும் அதைக் கேபின் கொக்கியில்தான் மாட்டியிருக்கிறார்கள். இந்தத் தீவில் ஒருவருக்குமா இது தோன்றவில்லை?

அம்மாவிடம் கத்திவிட்டேன். அவளும் கத்தினாள். "நெஞ்சுல மாட்டிட்டுக் குனிஞ்சா தாடையில குத்துது. நிமிந்தா படகு விளிம்புல இடிக்குது. என்னைக் கழுத்துல மணி கட்டின ஆடு மாதிரி ஆக்கப் பாக்குறியாடி?"

அறைக்கு வந்து அழுதேன். அம்மா கேட்க மாட்டேங்கிறாளே என்று முதலில். அப்புறம்... நான்தான் தப்பு செய்தேனோ? நான் படித்த எந்தப் பக்கத்திலும் அம்மா இல்லை. அவள் எப்படிக் குனிவாள், எந்தக் கையால் இழுப்பாள், எதுவுமே எனக்குத் தெரியாது. பதினான்கு வருஷம் அவள் பிடித்த மீனைத் தின்றிருக்கிறேன்.

ஏப்ரல் 18, சனி

அம்மாவுடன் கடலுக்குப் போனேன். இரண்டு தடவை வாந்தி. பரவாயில்லை.

பார்த்தது: வலை ஏறும்போது அவள் இடது பக்கத்தை விளிம்பில் முட்டுக்கொடுத்து நிற்கிறாள். வலது கை மீனைப் பிரிக்கிறது. கையுறை தடிமனான ரப்பர், அதன் மேல் எப்போதும் மீன்வழும்பு. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு தடவை குனிகிறாள். அந்தப் பெரிய ஏரியல் ஒவ்வொரு தடவையும் குத்தத்தான் செய்யும். நானாயிருந்தால் கடலிலேயே வீசியிருப்பேன்.

திரும்பும்போது வேறொன்றை மாற்றி வாங்கினால் மாட்டுவாயா என்று கேட்டேன். தொந்தரவு பண்ணாததாக இருந்தால் மாட்டுவேன் என்றாள். "அதுவும் குத்துச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சே கூடாது." சரி என்றேன். கடைசி வாய்ப்பு.

ஏப்ரல் 22, புதன்

இன்று கடையில் நான் செய்ததை நாளை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும்.

அம்மாவின் ரப்பர் கோட்டு, லைஃப் ஜாக்கெட், கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு போனேன். ஃபெர்ரி முழுக்க மீன் நாற்றம். கடையில் அத்தனையையும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ரேடியோவாக நெஞ்சில் செருகி, கல்லாமேஜை விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து, இல்லாத வலையை இழுத்தேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், இல்லாத மீனைப் பெட்டியில் போட்டேன். தூண்டில் வாங்க வந்த இரண்டு பேர் சாமான் எடுப்பதை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். ஒருவர் என்ன மீன் கிடைக்கிறது என்று விசாரித்தார்.

டூரில் அக்கா சிரிக்கவில்லை. கையுறையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொடுத்தார். "வழும்பு வேணும்ல." பிறகு ஒரு வாளி நிறையத் தண்ணீரும் கொண்டுவந்தார்.

நான் பட்டியலில் கடைசியில் வைத்திருந்த சின்ன ரேடியோதான் ஜெயித்தது. குட்டை ஏரியல். பேசும் பட்டனைச் சுற்றி மேடான விளிம்பு, வழுக்கும் கையுறையோடு கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டேன். வாளியில் போட்டால் முகம் மேலே பார்க்க மிதந்து விளக்கு சிமிட்டியது. திரை சின்னது, அதனால் என்ன? பேட்டரி குறைவு, அதனால் என்ன? தினமும் மாலை அம்மா வீட்டுக்கு வருகிறாள், நான் சார்ஜ் போடுவேன்.

பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று பயந்தேன். டூரில் அக்கா அதை முகர்ந்து பார்த்தார். "நாத்தம் போகலேன்னா நானே வச்சிக்கிறேன். எங்க வீட்டுப் பூனைக்குப் பிடிக்கும்."

ஏப்ரல் 24, வெள்ளி

மாட்டிக்கொண்டு போனாள். மாட்டிக்கொண்டே வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எது?" என்றாள்.

மறந்தே போயிருக்கிறாள்! இதைவிட நல்ல பதில் உலகத்தில் கிடையாது.

மே 8, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பள்ளி விட்டு மாமா வீட்டுக்குப் போனேன். தோள் போனதிலிருந்து மாமா சமையலறையில் ரேடியோவை ஓடவிட்டு, கடலில் யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மீன் உருண்டை பொரித்துக்கொண்டிருந்தார். அப்போது, அவசரத்துக்கென்று எல்லாரும் கேட்கும் பதினாறாம் சேனலில் அம்மாவின் குரல்.

அவசரம், டெர்னாவின் ரான்வைக் பேசுகிறேன் என்று தன் பெயரைச் சொன்னாள். கரையோர ரேடியோ நிலையத்துக்காரர் பதில் கொடுத்து, படகு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"படகு தென்மேற்குப் பாறைகளைப் பாத்துப் போய்க்கிட்டிருக்கு."

"நீங்க படகுலதானே இருக்கீங்க?"

"இல்ல. நான் திட்டுல நிக்கிறேன்."

மாமா அடுப்பை அணைத்தார். படகிலிருந்து எதற்கு இறங்கினீர்கள் என்று நிலையத்துக்காரர் கேட்டார். ரேடியோவில் கரகரப்பு மட்டும். அம்மாவை எனக்குத் தெரியும். இந்தக் கடற்கரை முழுக்கக் காது வைத்திருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும்.

"கடற்காக முட்டை பொறுக்க."

ஒவ்வொரு மே மாதமும், கடலுக்கு நடுவே எங்கள் குடும்பத்துக்கென்று இருக்கும் பாறைத் திட்டில் இறங்கி முட்டை எடுப்பாள். எல்லாரும் அவரவர் திட்டில் அப்படித்தான். ஐந்து நிமிஷ வேலைதானே என்று கயிற்றை ஒரு கல்லில் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏறுவார்கள். எல்லாரும். இன்று அந்தச் சுற்று அவிழ்ந்துவிட்டது. கைப்பேசி கேபினில். பெரிய ரேடியோவும் கேபினில். டெர்னா பாறையில் மோதினால் எங்கள் வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவே இல்லை. நீந்திப் பிடிக்கப் பார்ப்பாளோ என்றுதான் பயந்தேன். மே மாதத்திலும் இந்தக் கடல் தண்ணீரின் குளிர் ஆளைக் கொன்றுவிடும்.

அப்போது இன்னொரு குரல். ஹால்கெய்ர். ஊரிலேயே பெரிய வாய், ஆனால் படகும் வேகமானது.

"ரான்வைக், பக்கத்துலதான் இருக்கேன், வர்றேன். நீ தண்ணியில மட்டும் இறங்கிடாத."

"இடுப்பு வரைக்கும் இறங்கிட்டு ஏறிட்டேன்."

"முட்டை எத்தனை?"

"பதினொண்ணு."

"பாதி எனக்கு."

மாமா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

ஹால்கெய்ர் டெர்னாவைப் பாறைக்கு வெகு அருகில் பிடித்தார். கொக்கித் தடியால் இழுத்துக் கயிறு கட்டினேன் என்று அவர் சொன்னதும் நான் கூவிய கூவலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு போய் அம்மாவை ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கம்பளிக்குள் சுருட்டி உட்காரவைத்தேன். பல் தந்தியடித்தது. சூடான காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னாள். "கீழ நின்னு கூப்பிட்டேன், யாருக்கும் கேக்கல. அப்புறம் திட்டு உச்சிக்கு ஏறினேன். நீ அன்னைக்குப் படிச்சியே, கடல் வளைஞ்சிருக்குன்னு."

அன்று முள் எடுத்துக்கொண்டிருந்தவள் கேட்கவே இல்லை என்றல்லவா நினைத்தேன்!

மே 9, சனி

ஹால்கெய்ருக்கு ஆறு முட்டை கொடுத்தனுப்பினோம். பாதிக்கு மேல் என்று நன்றி சொல்லி அனுப்பினார்.

மே 17, ஞாயிறு

தேசிய நாள் ஊர்வலம். பள்ளிக் கொடியை நான் பிடித்துப் போனேன். அம்மா வெள்ளிப் பொத்தான்கள் வைத்த விழா உடையில் ராணி மாதிரி இருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் முட்டை விலை கேட்டார்கள். ஒருவர் கோழி வளர்க்கலாமே, கயிறு கட்ட வேண்டியதில்லையே என்றார். அம்மா நிமிர்ந்த தலையோடு நடந்தாள். "படகு துறையில இருக்கு, நான் இங்க இருக்கேன். சிரிக்கிறவங்க சிரிங்க."

ஐஸ்கிரீம் வரிசையில் ஹால்கெய்ர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். கோட்டு சூட்டில் அவரைப் பார்ப்பதே விசித்திரம். வானிலை பற்றிப் பேசினார். என் பள்ளிக்கூடம் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அது என்ன மாடல்?"

உங்களுக்கு அது ஒத்துவராது என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "உங்க கை பெருசு, நீங்க இழுக்கிறதும் வலது பக்கம். புதன்கிழமை உங்க கோட்டையும் கையுறையையும் எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க. மேஜையில குனிஞ்சு காட்டணும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

யோசித்தார். எனக்குப் பெரிய ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

மே 20, புதன்

ஹால்கெய்ர் குனிந்தார். டூரில் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள்.

ஜூன் 1, திங்கள்

பக்கத்துத் தீவிலிருந்து ஈடுன் என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். முதன்முதலாகச் சொந்தப் படகு வாங்கியிருக்கிறார், தனியாகத்தான் போகப்போகிறார். எந்த வலை, எந்த எஞ்சின் என்று அம்மாவிடம் கேட்க வந்தார்.

அம்மா அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றாள். "முதல்ல ஒரு ரேடியோ. அதுவும் சின்னதா, உன் உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கணும். பெரிசா வாங்கிக் கேபினுக்குள்ள அலங்காரத்துக்கு மாட்டி வைக்கிறாங்க பாரு, சுத்த முட்டாள்தனம்." அவர் வியந்துபோய், இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"இதை யாராவது சொல்லணுமா? யோசிச்சா தெரியாதா?" என்றாள் அம்மா.

நான் இரண்டு பேருக்கும் காப்பி ஊற்றினேன்.