சுற்றிப் பேசும் வித்தை

ஆடி 3, தென்காசி

விடிந்ததிலிருந்து சாரல். குடை ஒழுகுகிறது, தைக்கக் கொடுக்க வேண்டும். கோர்ட்டில் அச்சன்புதூர் வாய்க்கால் கேஸ். எதிர்க்கட்சிச் சாட்சி சொல்வதில் ஓட்டை எங்கே என்று முந்தாநாளே பிடித்து வைத்திருந்தேன். குறுக்கு விசாரணையில் பாதிக் கேள்வி கேட்டாயிற்று, சொல் வரவில்லை. “அந்த... தண்ணியைத் திறந்து விடுறது...” என்று இழுத்தேன்.

“மதகையா சொல்லுதிய?” என்றான் சாட்சி. எல்லோருக்கும் சிரிப்பு. கேள்வியை முடித்தபோது மாட்டிக்கொண்டது அவன்தான், கேஸ் நம் பக்கம். ஆனாலும் வீடு வரும்வரை மதகு, மதகு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆடி 4

மழை விடவில்லை. இன்று மறந்துபோன சொற்கள்: மூக்குவைத்த கிண்டி, பாக்குவெட்டி, புளியங்குடி மைத்துனன் பேர். தேடும்போது ஒளிந்துகொண்டு, சாயங்காலம் காப்பி குடிக்கையில் தானாக வந்தன. சனியன்கள்.

டாக்டரிடம், என் கட்சிக்காரர் ஒருவருக்கு இப்படி என்று சொல்லிக் கேட்டேன். “கணக்குப் போடுதாரா? வீட்டுக்கு வழி தெரியுதா? பெறகென்ன அண்ணாச்சி, புத்தி நல்லாத்தான் இருக்கு. வயசு.”

உண்மைதான். பெரிய பெருக்கலும் மனதிலேயே வருகிறது. ஆடுபுலியில் இன்றும் என்னை யாரும் ஜெயிக்கவில்லை. புத்தி ஓடுவதால்தான் சொல் இல்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன். ஆனால் தூங்காத ராத்திரிக்கு மறுநாள் சுற்றுவழியும் தெரிவதில்லை. ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போய்விடுமோ?

ஆடி 6

வெயில் எட்டிப் பார்த்தது. வேட்டி காயவில்லை.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பம். முதலில் ஆட்களின் பேர், பிறகு சாமான்களின் பேர். கடைசியில் சோற்றைக் காட்டி ‘அது’ என்பார். வருஷக்கணக்கில் அவருக்கு ஊட்டி, கழுவி, கையைப் பிடித்து நடத்தியது என் சம்சாரம்தான். அவர் போன பிறகு எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தாள். இன்னொரு தடவை அவள் தலையில் அதைக் கட்டக் கூடாது. அவளுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

எதிர்வீட்டில் ஆவுடையம்மாள். நான் ஆவுடையப்பன் ஆனதால் அந்தப் பேரும் சம்சாரம் வாயில் வராது. “எதுத்த வீட்டு மதினி வந்திருக்காவ” என்பாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடுமாம். கல்யாணமான நாளிலிருந்து சுற்றிச் சுற்றியே பேசுகிறாள், ஒரு நாளும் தடுமாறினதில்லை. இப்போது நானும் அதே வித்தையில்.

ஆடி 8

சாரல். பல் வலி.

சம்சாரத்தை ‘ஏட்டி’ என்றே கூப்பிட்டுப் பழகியவன் நான். காலையில் சும்மா அவள் பேரை நினைத்துப் பார்த்தேன். இல்லை. முகம் தெரிகிறது, நடை தெரிகிறது, கோபம் வந்தால் பாத்திரம் வைக்கும் சத்தம்கூடத் தெரிகிறது. பேர் இல்லை. கல்யாணப் பத்திரிகை பெட்டிக்குள் இருக்கிறது. திறந்து பார்க்க வெட்கமாக இருந்தது. நானெல்லாம் என்ன மனுஷன்.

மத்தியானம் வந்தது. கோமதி. அழுதேன்.

நாளைக்கு அவள் நட்சத்திரம். குற்றாலத்தில் குளித்து அர்ச்சனை பண்ண வேண்டுமாம். “நீங்களும் வாங்க, எப்பப் பாத்தாலும் கேஸ் கட்டுதானா?” மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

ஆடி 9

யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடும் பஸ், இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. வழியெல்லாம் கோமதி, கோமதி என்று மனதுக்குள். அருவியில் நல்ல தண்ணீர், நெரிசல். துவட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம்.

“யார் பேருக்கு?” என்றார் குருக்கள்.

தட்டோடு நின்றேன். ஒன்றுமே இல்லை. சுற்றிச் சொல்லவும் வழியில்லை, சாமி முன்னால் பேரைத்தானே சொல்ல வேண்டும்.

“என்ன, சம்சாரம் பேரைச் சொல்ல வெக்கமா?”

“கோமதி, சாமி. உத்திரம்” என்றாள் அவள்.

“ஐயா பேரு?”

அது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

“ஆவுடையப்பன்” என்றாள். சத்தமாக, திருத்தமாக. முதல் தடவை.

அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியுமோ. என் பேர் மறக்கவில்லை ஏட்டி என்று சொல்ல நினைத்தேன், தட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன். படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், அப்பாவைப் பிடித்ததுபோல, மணிக்கட்டுக்கு மேலே.