முதலில் அசைத்தது யார்

மாதா துணை
வில்லியனூர்

அன்பு மகன் சார்லஸுக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, கறவை மாடு மூவரும் சுகம். பெங்களூர் குருமடத்துச் சாப்பாட்டிலும் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதமாக மோட்டார் பட்டறையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா ஓசைப்படாமல் வந்து, யார்யா அவ, இந்த வயசுல இன்னா வேண்டிக்கெடக்கு உனக்கு என்று பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். யூடியூபில் கிரேக்கத் தத்துவம் நடத்துகிற டீச்சர் என்றேன், நம்பவில்லை. இந்த வாரக் கடைசியில் என் பிறந்தநாள் வருகிறது, அதுகூட ஒருத்தருக்கும் ஞாபகமில்லை, போகட்டும்.

நீ என்னதான் படிக்கிறாய் என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன், சந்தேகம்தான் வளர்ந்தது. தேர்த்திருவிழாவுக்கு வந்திருந்தபோது நீ சரியில்லை. செல்போன் அதிரும், நீ எழுவாய், கொல்லைப்பக்கம் போவாய். அப்பாவுக்குத் தெரியாம நாளைக்கு எடுத்தாறேன் என்று நீ கிசுகிசுத்ததும் என் காதில் விழுந்தது. அசைகிற எதையும் வேறொன்று அசைக்கிறது, பின்னாலேயே போனால் தான் அசையாமல் எல்லாவற்றையும் அசைக்கிற முதல் ஒன்று இருந்தாக வேண்டும் என்றாராம் அரிஸ்டாட்டில், அதுதான் கடவுள் என்று முடித்தாராம் தாமஸ் அக்குவினாஸ் சாமியார். தலை நரைக்கும்வரை மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியிருக்கிறேன், அப்படி ஒரு மோட்டாரைப் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்கிறேன், உன் செல்போனை அசைத்தது யார்? நீ போனபிறகு பீரோவில் அம்மாவின் புடவைகளுக்கு நடுவே ஒரு புது நீலச் சட்டை. எந்தப் பொருளுக்கும் நாலு காரணம் உண்டாமே. எதனால் ஆனது, பருத்தி. என்ன உருவம், முழுக்கை. செய்தவர், கடைத்தெரு டெய்லர், காலரில் பேர் இருக்கிறது. எதற்காக? அந்த நாலாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சாமியாராகப் போகிற குருமடத்துப் பிள்ளைக்கு மாப்பிள்ளைச் சட்டை எதற்கு? ரோஸ்லின் அத்தையிடம் போய்ச் சொன்னேன், என் புத்தி அப்படி. கல்பனா வூட்டுப் பக்கம் அவன் ரெண்டு வாட்டி போனத என் கண்ணால பார்த்தேன் என்றாள். அதுதான், டெய்லர் கடை மாடியில் குடியிருக்கிற நர்ஸ் பெண். குகையில் கட்டிப்போட்ட ஆள் சுவரில் தெரியும் நிழலையே நிஜம் என்று நம்புவானாம், அது பிளேட்டோ சொன்னது. நான் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை.

நீ வந்திருந்த அதே வாரம் கொடியில் காயப்போட்ட என் கட்டம்போட்ட சட்டையும் காணோம். தீமை என்று தனியாக ஒன்று கிடையாது, இருக்க வேண்டிய நன்மை இல்லாமல் போவதுதான் தீமை என்பது புனித அகுஸ்தினார் கணக்கு. அப்படியானால் கொடியில் சட்டை இல்லாத அந்த இடம்தான் நம் வீட்டுத் தீமை. பக்கத்து வீட்டு இருசப்பனின் ஆடு தின்றுவிட்டது என்று சண்டைக்குப் போனேன். எங்கூட்டு ஆடு உன் சட்டைய மோந்துகூடப் பாக்காதுபா என்று சொல்லிப் பேச்சையே நிறுத்திக்கொண்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ முதல் பூசை வைக்கிற நாளுக்காக அம்மா மாதாவிடம் நேர்ந்திருக்கிறாள். அதற்காக மனசில்லாமல் பீடத்தில் நிற்காதே. வந்துவிடுவதென்றால் வந்துவிடு, அம்மாவை நான் சமாளிக்கிறேன், கொஞ்சம் அடி விழும், பரவாயில்லை. எதுவானாலும் அத்தைக்குத் தெரியுமுன் எனக்குச் சொல். பதிலைப் பட்டறை விலாசத்துக்குப் போடு. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
பாக்யராஜ்

பி.கு. கவரை ஒட்டுமுன் ஆதாரத்துக்குப் படமெடுக்கலாம் என்று நீலச் சட்டையை எடுத்து, சும்மா போட்டுப் பார்த்தேன். எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. பீரோவில் அது இருந்த இடத்துக்கு அடியில் என் கட்டம்போட்ட சட்டை, டெய்லரின் சாக்பீஸ் கோட்டோடு மடித்து இருக்கிறது. ஆடு ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை.