திரையில் மட்டும் நடுங்காத கை

அன்புள்ள மகனுக்கு,

நீ அங்கே நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படித்தான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்குக் கண்புரை எடுத்த கண் நன்றாகத் தெளிந்துவிட்டது, அலமாரிக்கு அடியில் கிடக்கும் தூசி வரைக்கும் தெரிகிறதாம், நாள் முழுக்க என் பின்னாலேயே சுற்றி வந்து குறை சொல்கிறார். என் முழங்கால் எப்போதும் போலத்தான். கெட்டுப்போயிருப்பது என் நிம்மதி. அதற்குப் பாதிக் காரணம் உன் பேராசிரியர், மீதிப் பாதி நீ. மருத்துவமனை விழாவில் நடந்ததை நான் போனில் சொல்ல ஆரம்பித்ததுமே வார்டுக்குப் போகணும் என்று வைத்துவிட்டாய். அப்புறம் ஒரு செய்தி அனுப்பினாய், ஆராய்ச்சி முடிஞ்சா மருந்து நிக்கிறது வழக்கம்தாம்மா, அத்தைகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க என்று. அதைப் படித்துவிட்டு போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன். எனக்குப் பக்குவம் சொல்லித் தருகிறாயா? அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தென்றால் நீ குறுக்கே பேச முடியாது.

முதலிலிருந்து வருகிறேன், ஏனென்றால் உனக்கு வசதியான இடத்திலிருந்துதான் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அத்தைக்குக் கைநடுக்கம் வந்து முடிவெட்டும் கடையை மூடினபோது நீ இங்கே இல்லை. மூடினாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்தத் தெருவில் பாதிப் பெண்களின் தலை அவள் கைக்குள் இருந்தது, கல்யாணம் வேண்டாம் என்று நின்றவளுக்கு அந்தக் கடைதான் எல்லாம். சீப்பையும் கத்தரிக்கோலையும் துடைத்து டப்பாவில் போட்டு, கண்ணாடி மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, நம் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள். டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றித் தரச் சொல்வாள், முழுசாக இருந்தால் சிந்திவிடும் என்று. அப்போதுதான் நீ போன் பண்ணினாய். உன் பழைய பேராசிரியர் நீ படித்த அதே மருத்துவமனையில் நடுக்கத்துக்குப் புது மருந்தை வைத்து ஆராய்ச்சி செய்கிறார், ஆள் சேர்க்கிறார்கள், அத்தையைக் கட்டாயம் அனுப்புங்கள் என்றாய். நான் யோசித்தேன், உன் அப்பா வேண்டாம் என்றே சொன்னார். அவள்தான் உன் வார்த்தையை நம்பினாள். போனை வாங்கி உன்னிடம் நேராகவே கேட்டாள், நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், சரிடா, மருந்து கேட்டுச்சுன்னா அப்புறம் என்ன என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், கேட்டா நல்லதுதானே அத்தை என்று. அவ்வளவுதான் சொன்னாய்.

அந்த ஆராய்ச்சிக் கட்டடம் உனக்குத் தெரிந்த இடம்தான், ஆனால் நீ வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடந்த இடம், நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இடம். ஒரு கதவுக்குப் பின்னால் இதயக்காரர்கள் ஆட்களை நடக்கவைத்து மூச்சை அளப்பார்கள், அடுத்ததில் எலும்பு, அதற்கடுத்து தோல், கடைசியில் நரம்பு. ஒவ்வொரு முறை போகும்போதும் கை எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க அவளைக் காகிதத்தில் சுருள் வரையச் சொல்வார்கள், ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். அவளுக்குக் கொடுப்பது நிஜ மருந்தா வெறும் மாவு மாத்திரையா என்று அவளுக்கும் தெரியாது, கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது என்றார்கள். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, யாருக்குமே தெரியாதுன்னா எதுக்கு இத்தனை பேரு என்று சத்தமாகவே கேட்டார், நான் காலை மிதித்தேன். பிறகு ஒருநாள் காலையில் சமையலறையில் நான் முதுகைக் காட்டி நின்றிருந்தபோது பின்னால் ஏதோ குறைவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டிருந்தாள், வழக்கமாக வரும் கடகட சத்தம் வரவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பேசினால் போய்விடுமோ என்று பயந்து பேசாமலே இருந்தோம்.

கடையைத் திறந்தாள். முதல் ஆள் உன் அப்பாதான், பெண்கள் கடையாயிற்றே என்று முனகிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், காதுக்குப் பக்கத்தில் கத்தரி வரும்போதெல்லாம் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. எழுந்தபோது இரண்டு காதும் பத்திரமாக இருந்தன, தலையும் ஒழுங்காக இருந்தது. அதற்கப்புறம் பழைய ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். புருவம்கூடத் திருத்தினாள். கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் ஒருத்தி கையை நம்பி முகத்தைக் கொடுக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீ டாக்டராக இல்லாமல் யோசித்துப் பார். வீட்டில் அவள் பாடினாள். அவளுக்குக் குரல் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நன்றி சொன்னார்கள். மீதி இருந்த மாத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அட்டையில் பிய்க்காமல் இருந்ததைக்கூட. கடையில் கிடைக்குமா என்று கேட்டாள், இன்னும் விற்பனைக்கு வரவில்லை, வர வருஷங்கள் ஆகும் என்றார்கள். வேறு பழைய மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அது அவளுக்கு முன்பே கேட்காத மாத்திரை. நடுக்கம் மெதுவாகத்தான் திரும்பியது, முதலில் சாயங்காலத்தில் மட்டும், அப்புறம் எப்போதும். அவள் என்னிடம் மறைத்தாள். எதிர்வீட்டுப் பெண் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாள், கத்தரி முனை காதோரத்தில் பட்டு ஒரு சொட்டு ரத்தம். அந்தப் பெண், ஒண்ணுமில்லக்கா, கீறல்தான் என்று சிரித்திருக்கிறாள். உன் அத்தை பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, மீதி முடியை வெட்டாமலே துணியை உதறி, என்னை மன்னிச்சிடும்மா, மீதிய வேற எங்கயாவது பாத்துக்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றைக்கே கதவைச் சாத்தினாள். வீட்டுக்கு வந்து, முதல்ல போனத விட இப்ப போறதுதான் அண்ணி வலிக்குது என்றாள். இதற்கு நீ வைத்திருக்கிற பெயர், வழக்கம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் உன் பேராசிரியர் தாமே போன் பண்ணினார். மருத்துவமனையில் வருஷாந்திர ஆராய்ச்சி நாளாம், ஒவ்வொரு துறையும் இந்த வருஷம் கண்டுபிடித்ததைச் சொல்வார்களாம், நீங்க வந்து முன் வரிசையில உக்காரணும், உங்களாலதான் இது நடந்துச்சு என்று அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அவள் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். மருந்தைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஆசை, எனக்குத் தெரியும். நான் ஆராய்ச்சியே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை, அதை முதலில் மனசில் போட்டுக்கொள். அன்று குழந்தைகள் வார்டு டாக்டர் ஒருத்தி, குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பார்த்ததைச் சொன்னாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதயத்துறையில் தலை நரைத்த ஒரு டாக்டரம்மா, நாங்க நினைச்சது தப்பு, புது சிகிச்சை பழசை விட ஒண்ணும் நல்லா இல்ல என்று மேடையில் நின்று நேராகச் சொன்னார், அதுவும் எனக்குப் பிடித்தது.

அதற்கப்புறம் உன் பேராசிரியர் ஏறினார். கோடும் கட்டமும் காட்டினார், பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு படம் போட்டார். உன் அத்தையின் கை. முகத்தைக் காட்டவில்லை, கை மட்டும். முதலில் தண்ணீரை மேசை பூராவும் சிந்தும் கை, அடுத்து ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றும் கை, அடுத்து சீப்பால் முடியைப் பிரித்துக் கத்தரியால் நேராக வெட்டும் கை. கடைக்கே வந்து எடுத்திருக்கிறார்கள். அரங்கம் முழுக்கக் கைதட்டியது, தம்பி. கைதட்டல் அடங்கவே இல்லை. நான் பக்கத்தில் திரும்பினேன். அவள் வலது கையைத் தொடைக்குக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள், அது ஆடுவது யாருக்கும் தெரியக்கூடாதென்று. தோள் வரைக்கும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை, குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். உன் அப்பா முந்தானையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டேன். விளக்கப் போடுங்க என்றேன். யாரோ போட்டார்கள். படத்துல இருக்குற கை இங்கதான் இருக்கு, இப்ப எப்படி இருக்குன்னு பாத்துட்டுக் கைதட்டுங்க என்றேன். உன் பேராசிரியர் முகம் சிவந்து, அம்மா, இதை நாம தனியா பேசலாம் என்றார். தனியா பேசுறதுக்கு நாங்க எத்தனை தடவை வந்தோம், நீங்க ஊர்ல இல்லன்னு சொன்னாங்க என்றேன். அப்போது அந்த நரைத்த தலை இதய டாக்டரம்மா தம் இடத்திலிருந்தே கேட்டார், மருந்து வேலை செஞ்சவங்களுக்கு ஆராய்ச்சி முடிஞ்ச பிறகு என்ன செய்யறதா முடிவு பண்ணீங்க என்று. தொடர்ந்து கொடுக்கச் சொல்லி மருந்துக் கம்பெனியிடம் கேட்டிருப்பதாகவும் அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை என்றும் உன் பேராசிரியர் சொன்னார். கேட்டது ஆரம்பிக்கும் முன்னாடியா, முடிஞ்ச பிறகா என்று அந்த அம்மா விடவில்லை. அவர் மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

பிறகு எல்லாரும் என்னை மறந்துவிட்டார்கள், ஏனென்றால் உன் அத்தை எழுந்தாள். கையை இனி மறைக்கவில்லை, பக்கவாட்டில் தொங்கவிட்டாள், அது பாட்டுக்கு ஆடியது. மைக்கெல்லாம் வாங்கவில்லை. சார், மருந்து கேக்கலன்னா நான் உங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன், கேட்டுச்சு, அதான் பிரச்சனை என்றாள். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு மருந்து குடுக்குறதும் குடுக்காததும் உங்க கையில இல்லன்னு சொல்றீங்க, சரி, அந்தப் படம் உங்க கையிலதானே இருக்கு, என் கை எனக்குத் திரும்ப வர வரைக்கும் அதை எங்கயும் போடாதீங்க என்றாள். சொல்லிவிட்டு உட்காரவில்லை, வெளியே நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம். வாசலில் நின்று, அண்ணி, நீங்க கத்துனது பின்வரிசை வரைக்கும் கேட்டுச்சு என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு முடிவதற்குள் அழுதாள்.

அந்த இதய டாக்டரம்மா ஆராய்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கும் குழுவில் இருக்கிறார். அவர்தான் எங்களைக் கூப்பிட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதே ஆராய்ச்சியில் இருந்த ஒரு பேருந்து ஓட்டுநரும், பல் கட்டுகிற ஒருவரும் நம் வீட்டுக்கு வந்தார்கள், எல்லாருக்கும் டீ பாதிப் பாதி டம்ளர்தான் கொடுத்தேன். குழு விசாரித்தது. உன் பேராசிரியரும் அங்கே வந்தார், முன்கூட்டியே யோசிக்காம விட்டது என் தப்புதான் என்று எங்கள் முன்னால் சொன்னார், அதற்காக அவர் மேல் எனக்கு இருந்த கோபம் ஒரு இம்மி குறைந்தது, ஒரு இம்மிதான். மருந்தால் குணம் தெரிந்தவர்களுக்கு அதைத் தொடர்ந்து கொடுக்க ஏற்பாடு செய்யாமல் அந்தத் துறை புது ஆராய்ச்சி ஆரம்பிக்கக் கூடாது என்று குழு நிறுத்திவைத்தது. அப்புறம்தான் கம்பெனி இறங்கி வந்தது. மருந்து கடைகளுக்கு வரும்வரை இவர்களுக்கு மட்டும் கொடுப்பார்களாம். போன வாரம்தான் சேதி வந்தது.

சந்தோஷமான விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று நீ கேட்பாய். அவள் மாத்திரையை வாங்கப் போக மாட்டேன் என்கிறாள். மறுபடி பழக்கிட்டு மறுபடி பிடுங்கிட்டா என்னால தாங்க முடியாது அண்ணி என்கிறாள். நான் கெஞ்சினேன், உன் அப்பா திட்டினார், அந்த இதய டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்து பேசினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறாள், அவனுக்கு முன்னாடியே தெரியுமான்னு மட்டும் எனக்குத் தெரியணும் என்று. ஆராய்ச்சி முடிந்தால் மருந்து நின்றுவிடும் என்று, அன்றைக்குப் போனில் சிரித்தபோதே உனக்குத் தெரியுமா? வழக்கம் என்று இப்போது அவ்வளவு சுலபமாக எழுதுகிறாயே, அப்போது வழக்கமாக இல்லையா? தெரியும் என்றால் தெரியும் என்று சொல். அத்தை குணமாக வேண்டும் என்ற அவசரத்தில் அதை யோசிக்கவே இல்லை என்றால் அதைச் சொல். எதுவானாலும் அவள் தாங்கிக்கொள்வாள், யாரை நம்பலாம் என்று தெரியாமல் இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எனக்குப் பதில் எழுதாதே. என் மூலமாகப் பக்குவமாகச் சொல்லியனுப்பவும் வேண்டாம், நான் உன் தபால்காரி இல்லை. நீ பிறந்த அன்று எனக்கும் முன்னால் உன்னைக் கையில் வாங்கியவள் அவள், அவளிடம் நேராகப் பேசு.

வேளைக்குச் சாப்பிடு. போன முறை படத்தில் இளைத்துத் தெரிந்தாய், கோபத்திலும் அது என் கண்ணில் பட்டுத் தொலைக்கிறது. கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். நீ நீண்ட ஆயுளோடும், எப்படி மருந்து கொடுப்பது என்று தெரிந்ததைப் போலவே அதை வாங்கிக்கொண்டவர்கள் பக்கத்தில் எப்படி நிற்பது என்றும் தெரிந்த டாக்டராகவும் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். உன் அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், நான் எழுதியது கொஞ்சம் அதிகம் என்றும் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. காலையில் கூப்பிடு, அப்போது அவள் கை கொஞ்சம் அடங்கியிருக்கும். கூப்பிட்டால் உடனே வைத்துவிடாதே. போனைக் கையில் பிடித்து, சரியான இடத்தில் விரலை வைத்து எடுக்க அவளுக்கு நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், எடுப்பாள்.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அம்மா