எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புத் தம்பி மொஹ்சினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீ சுகம் என்று நம்புகிறேன். இங்கே வெயில் மட்டும் சுகமாக இருக்கிறது.

போனில் பேசாமல் எழுதி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இரண்டு மாதமாக என் குரல் தகரத்தில் ஆணி இழுத்தது போல இருக்கிறது. கேட்டால் நீ கேள்வி கேட்பாய். தமிழில்தான் எழுதுகிறேன். உருது நம் வீட்டில் திட்டுவதற்கு மட்டும்தானே பயன்பட்டது.

மண்டையோட்டின் அடியில், வலது காதுக்குப் பின்னால், ஒரு கட்டி. புற்று இல்லை. "கட்டி நல்ல கட்டிதான் பாய், இருக்கிற இடந்தான் சரியில்ல" என்றார் சென்னை டாக்டர். வேங்கிக்காலில் மனை விற்கிறவர்கள் இதையே மாற்றிச் சொல்வார்கள்.

பேசவும் விழுங்கவும் வேண்டிய நரம்புகள் அந்த வழியாகத்தான் இறங்குகின்றனவாம். எலும்பைக் குடைந்து போய், அவற்றிலிருந்து கட்டியை உரித்தெடுக்க வேண்டும். குரல் போகலாம். விழுங்க முடியாமல் வயிற்றில் குழாய் வைக்கலாம். பாதி முகம் தொங்கலாம். மூளைநீர் மூக்கு வழியே கசியலாம். பக்கத்து ரத்தக்குழாயில் கத்தி பட்டுவிட்டால் இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு துண்டை விட்டுவைப்பார்களாம். அது மறுபடி வளருமாம். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "இதெல்லாமே மெதுவா தானா நடக்கும்" என்றார். நேர்மையான மனிதர்.

குரல் இருக்கும்போதே அதைச் சேமித்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. அடி அண்ணாமலைப் பந்தலில், கிரிவலத்தில் காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடுவதுதானே என் பிழைப்பு. ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்தேன். நேற்று கூட்டாளி சடையன் அதை ஓட்டிப் பார்த்தான். 'கீழ்பென்னாத்தூர் கஸ்தூரி, எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்' என்று கூப்பிட்டது. அந்த அம்மா வந்து, பந்தலில் காத்திருந்த மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். பதிவு நிற்கவில்லை. சடையன் எதை அழுத்தினாலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மா அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்து, "அதான் வந்துட்டேனேய்யா, இன்னும் யாரக் கூப்புடற?" என்று திட்டினார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், புரையேறிற்று. இப்போது எச்சில் விழுங்கினாலும் ஏறுகிறது.

சாப்பாடு கொண்டுவந்த உன் அண்ணி வஜீதா சிரிக்கவில்லை. வயரையே பிடுங்கிவிட்டாள். "இத வீட்டுப் பக்கம் கொண்டாராதீங்க. நீங்க இல்லாம அது மட்டும் கூப்ட்டா, நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றாள். இத்தனை வருடத்தில் நான் கூப்பிட்டு அவள் ஒருமுறையும் உடனே பதில் சொன்னதில்லை. அதை நேற்று அவளிடம் சொல்லவில்லை.

வருகிற செவ்வாய் ஆபரேஷன்.

உனக்காகவும் ஒன்று பதிவு செய்ய உட்கார்ந்தேன். 'எங்கிருந்தாலும்' என்றதும் நிறுத்திவிட்டேன். நீ எங்கிருக்கிறாய் என்று எனக்குத்தான் தெரியுமே. வருடாவருடம் வருகிறேன் என்கிறாய், அவ்வளவுதான்.

திங்கள் வரை பேசுவேன். அதற்குள் வந்துவிடு. உன்னை ஒருமுறை உருதுவில் வாயாரத் திட்ட வேண்டும்.

துஆ செய்.

உன் அண்ணன்,
ஜுபைர்